ஒட்டாத இருமல்

அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் முத்துமாரியம்மாளைத் தேடுவது சுலபம். எந்த அறையிலிருந்து இருமல் வருகிறதோ, அங்கேதான் வெடிக்குத் திரி சொருகிக்கொண்டிருப்பாள். அந்த இருமலுக்கு ஊரே வைத்தியர். ஒருத்தி ஆடாதொடைக் கசாயம் என்பாள். இன்னொருத்தி வெடிமருந்துத் தூசி கரைய வாழைப்பழம் தின்னச் சொல்வாள். சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். இருமல் அசைந்து கொடுக்கவில்லை. பேசினால் வரும், சிரித்தால் வரும், பஸ்ஸில் எவளோ வைத்திருக்கும் மல்லிகைப்பூ வாசத்துக்கும் வரும்.

அது என்ன நோய் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. புருஷன் முனியராஜ் டி.பி.யில் செத்தவன். அவன் செத்த வருஷமே இவளுக்கு இருமல் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். முனியராஜுக்கும் முதல் சோதனையில் அப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பி அவனைப் பறிகொடுத்தவள், இன்னொரு தடவை ஏமாறத் தயாராக இல்லை.

அதனால், அப்போதுதான் நடை பழகியிருந்த மகள் ஓவியாவை மல்லாங்கிணறு ஊரில் இருக்கும் தங்கை வெள்ளைத்தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். மாதம் ஒருமுறை போய்த் தெருவில் நின்று பார்ப்பாள். பிள்ளை ஓடி வந்தால், "அங்கனயே நில்லு தாயி, கிட்ட வரக் கூடாது" என்று கண்ணீர் வடிய விரட்டுவாள். பிள்ளையும் பழகிக்கொண்டது. இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கிறது.

இந்த வருஷம், தீராத இருமலை ஆராய்ச்சி செய்யும் மதுரை டாக்டரம்மா ஒருவரிடம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அனுப்பினார்கள். மிளகாய்க் காரம் துளியூண்டு கலந்த ஆவியை முகரச் சொன்னார் அவர். மற்றவர்களுக்கு உறைக்கவே உறைக்காத அளவுக்கே இவள் இருமித் தள்ளினாள்.

"நுரையீரல் சுத்தமா இருக்கும்மா. மூச்சுக்குழாய் நரம்புக்குத்தான் கூச்சம் கூடிப்போச்சு. ஒண்ணுமே இல்லாதப்பவும் என்னமோ உள்ள போயிருச்சுன்னு மூளைக்குச் சொல்லுது. பயிற்சியால கொஞ்சம் குறைக்கலாம்."

"பிள்ளைக்கு ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது. இத்தனை வருஷத்துல எப்பவுமே ஒட்டியிருக்காதும்மா."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு நெஞ்சு வெடித்தது. அங்கிருந்தே மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினாள்.

விஷயத்தைக் கேட்டு வெள்ளைத்தாய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடம் விட்டு ஓவியா வந்தபோது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள் முத்துமாரியம்மாள்.

"வா தாயி. அம்மாவுக்கு ஒண்ணும்..."

மேலே சொல்லவிடாமல் இருமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பாழாய்ப்போன நரம்புக்குச் சந்தோஷமும் தூசியும் ஒன்றுதான். ஓவியா சட்டென்று பின்வாங்கி வாசலுக்கு வெளியே போய் நின்றாள். முகத்தில் வெறுப்பில்லை, பயம்கூட இல்லை.

"கிட்டப் போ ஓவியா. அது ஒட்டாதாம். இனிமே நீ அம்மாகூடவே இருக்கலாம்" என்றாள் வெள்ளைத்தாய்.

பிள்ளை அசையவில்லை.

"வேணாம் சித்தி. நான் கிட்டப் போனா அம்மா அழுவும்."

முத்துமாரியம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. இருமலுக்கு நடுவில் அழாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அதைக் கண்ட ஓவியா இன்னும் ஓரடி தள்ளி நின்றாள்.