சின்ன போன் போதும் என்றார் அப்பா

எங்கள் வீட்டில் ஒன்றுமில்லாத விஷயத்துக்குத்தான் பெரிய சண்டை வரும். அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கப் போன அன்றைக்கும் அப்படித்தான். நிலக்கரி வெட்டுகிற மைன்ஸுக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஷிப்ட் பஸ்ஸுக்கு அப்பா டிரைவர். யாருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட் என்பதெல்லாம் அந்த வருஷம் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்திருந்தது. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். தினமும் பக்கத்து குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்று, எனக்கு என்ன போட்டிருக்கு என்று கேட்டுக்கொண்டு வருவார். பெத்த அப்பா இப்படி அடுத்தவர் வாசலில் நிற்பது எனக்குக் கேவலமாக இருந்தது. வாங்கப்பா கடைக்கு என்று மெயின் பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கைக்கு அடங்காத பெரிசு. இன்னொன்று சட்டைப்பைக்குள் காணாமல் போய்விடும். விலையில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவருக்குப் பெரிசுதான் சரி, எழுத்து நல்லாத் தெரியும் என்றார். நானும் அதே முடிவோடுதான் போயிருந்தேன். அப்பா பெரிசை வாங்கி முகத்துக்குக் கிட்டே பிடித்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி அதில் எதையோ தேடினார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

“இது வேணாம்மா. சின்னதே போதும். பெருசுல பாதிதான் தெரியுது.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனூண்டு போனை வைத்துக்கொண்டு என்ன பார்க்கப் போகிறீர்கள், ஊரே பெரிசு பெரிசாக வாங்குது என்று கடையிலேயே கத்தினேன். அவர் அசையவில்லை. என் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி கேட்பாள், இதோ இவரிடமிருந்துதான். கடைசியில் சின்னது அவருக்கு, பெரிசு எனக்கு என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பெண்கள் சங்கத்தார் காய்கறித் தட்டோடு வரிசையாக நின்ற படம் ஒன்றை யாரோ அனுப்பியிருந்தார்கள். இப்போ பாருங்க பெரிய போனோட அருமையை என்று குத்திக்காட்டத்தான் என் போனை அப்பாவிடம் நீட்டினேன். பார்த்தார். “எல்லாரும் இருக்காங்க, உங்கம்மா எங்க? அவ நிக்கலயா?” என்றார். அம்மா இடது ஓரத்தில் முதல் ஆளாக, பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஈயென்று நிற்கிறாள். கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். அதே படம் அவர் போனுக்கும் வந்திருந்தது. அதைத் திறந்ததும், “தோ, இங்க நின்னுகினு இருக்காளே” என்று விரலை வைத்தார்.

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுபடி என் போனைக் காட்டினேன். மறுபடியும் அவருக்கு அம்மா தெரியவில்லை.

அதற்கப்புறம் அவரை ஒளிந்து நின்று பார்க்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தட்டில் இடது பக்கம் வைத்த பொரியல் அப்படியே இருக்கும், இன்னிக்கு பொரியல் இல்லையா என்று கேட்பார். வாசல் கேட் தூணில் இடது தோளை இடித்துக்கொள்வார். உங்கப்பா இப்பல்லாம் வணக்கம் சொன்னாக்கூட திரும்பறதில்ல, தலைக்கனம் ஏறிப்போச்சு என்று எதிர் பிளாக் அக்கா என்னிடமே சொன்னார். ஷிப்ட் முடிந்து ரோட்டோரம் கை காட்டியும் பஸ்ஸை நிறுத்தாமல் போய்விட்டார் என்று ரெண்டு மூன்று பேர் புகார் சொல்லியிருந்தார்கள். லேட்டா வந்துட்டுப் பொய் சொல்றானுங்க என்று அப்பா அவர்களைத் திட்டினார். நானும்கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். எங்கள் டவுன்ஷிப்பில் கண்ணுக்கு என்ன வந்தாலும் பழி கரித்தூள் மேலதான். கண் சிவந்தால் தூசி, நீர் வடிந்தால் தூசி, மங்கினால் அதுவும் தூசி. பன்னீரை ஊற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்பாள் எல்லா வீட்டு அம்மாவும். எங்கம்மாவும் பன்னீர் பாட்டிலைத்தான் எடுத்தாள். எடுத்த கையோடு, வெளியே வாயைத் திறக்காதே, ரிட்டயர் ஆகிற நேரத்தில் வண்டியை விட்டு இறக்கிவிடுவான்கள் என்று என்னை எச்சரித்தாள். அப்பாவோ, போன மெடிக்கல் செக்கப்ல கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன் தெரியுமா என்று மார் தட்டினார். அது பொய்யில்லை. நேரே இருந்த எழுத்தையெல்லாம் அவர் வாசித்துத்தான் இருந்தார்.

நானும் கொஞ்சம் சமாதானமானேன் என்றுதான் சொல்லவேண்டும். டவுன்ஷிப் ரோடுகள் கோடு போட்ட மாதிரி நேர்நேராக இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அப்பா ஓட்டுவார். அப்புறம் ஒருநாள் மத்தியானம் செகண்ட் ஷிப்டுக்கு யூனிபார்ம் மாட்டிக்கொண்டே அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மைன்ஸ் பள்ளத்துக்குள்ள எறங்குற ரோட்ட மாத்திட்டானுங்க, வெட்டுற எடம் தள்ளித் தள்ளிப் போவுதில்ல, இனிமே புது வழிதான், இடப்பக்கம் பூராவும் சரிவு என்றார்.

அந்த நேரம் பார்த்து மைன்ஸில் வெடி வைத்தார்கள். அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுத்து அடங்கின. அது எங்களுக்கு தினப்படி சத்தம், யாரும் தலையைக்கூடத் தூக்கமாட்டோம். அன்றைக்கு நான் ஓடிப்போய் வாசல் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

என் மூக்கையே பாருங்கப்பா, கண்ணை அசைக்கக்கூடாது, நான் விரலை ஆட்டினால் சொல்லுங்கள் என்றேன். நேரமாச்சு, விளையாடாதே என்று அதட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். அவருக்கு வலது பக்கமாகக் கையை நீட்டி விரலை ஆட்டினேன். கொஞ்சம் பொறுத்து, ஆடுது என்றார். இடது பக்கம் நீட்டினேன். ஆட்டினேன். முழுக் கையையும் ஆட்டினேன். கையைக் கிட்டே, கிட்டே, என் காது வரைக்கும் கொண்டுவந்தேன். அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சீக்கிரம் காட்டும்மா,” என்றார்.

அம்மா பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைக் கழுவ எடுத்து வந்திருந்த பன்னீர் பாட்டிலை வைத்துவிட்டு அவள் விம்மிய சத்தத்தில்தான் அப்பா தலையைத் திருப்பினார். என் கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தார். அதை விரலால் தொட்டார். போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஷிப்ட் சங்கு ஊதியது. அந்தச் சின்ன போனை எடுத்து இன்சார்ஜுக்கு அவரே போட்டார். இன்னிக்கு நான் வண்டி எடுக்கலைங்க, கண்ணு சரியில்லைங்க, வேற ஆளப் போடுங்க என்றார். அம்மா அவரைத் தடுக்கவில்லை.

பாண்டிச்சேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது, வலி இருக்காது, நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், அதனால் ஆளுக்கே தெரியாது என்றார் டாக்டர். போனது போனதுதான், மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். முழுசாகப் போய்விடுமா என்று அப்பா கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“எப்பலேருந்து சார் இப்படி இருக்கும்?”

சரியாகச் சொல்ல முடியாது, வருஷக்கணக்கில் இருக்கலாம் என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று அம்மாவும் கையைக் கோத்துக்கொண்டாள். கிட்டே குனிந்தேன். பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருகிறவர், அவருக்குப் பக்கத்துக்காரர், ஜன்னலோரத்துக்காரர் என்று சீட் சீட்டாகப் போய், கம்பியைப் பிடித்து நிற்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் வரைக்கும் வந்தார். ரிட்டயர் ஆனவர்களையும் விடவில்லை. விடுங்கப்பா, ஒண்ணும் ஆகலையே என்று அவர் முதுகைத் தடவினேன்.

“ஆமா. வண்டிக்குள்ள இருந்தவனுங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கானுங்க,” என்றார் அப்பா. “ரோட்டோரமா நடந்துகினு இருந்தவனுங்கதான் எனக்குத் தெரியல.”