சுவர்ப் பக்கம் சாய்ந்த இலைகள்

பல் டாக்டரிடம் போனால் பல்லைத்தான் காட்ட வேண்டும். போன வாரம் காரைக்காலில் நான் என்ன செய்தேன் என்றால், என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் அங்கிருந்த மீன்தொட்டிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தேன். அகல இலைச் செடி ஒன்று. கீழ் இலைகளில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள். மூடியைக் கொஞ்சம் தூக்கினேன். ஈர மணலும் பாசியும் கலந்த வாசனை வந்ததும் பல்வலி மறந்துபோய், பழைய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

அது எங்கள் துணிக்கடையின் வாசனை. வியட்நாமில், சைகோன் நகரத்தின் 'பென் தான்' என்ற பெரிய சந்தைக்குப் பின் தெருவில் வாப்பா நடத்திய கடை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். துணிக்கடைக்கு எதற்கு மீன்தொட்டி என்று யாராவது கேட்டால் வாப்பா, "கண்ணுக்குக் குளுமையா இருக்கட்டுமே" என்பார். உண்மை வேறு. கடையின் பின்சுவர் பலகைச் சுவர். அதற்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் என் தம்பி ஒளிந்திருந்தான்.

வாப்பாவிடம் பிரெஞ்சுக் குடிமகன் என்ற காகிதம் இருந்தது, பட்டாளம் அவரைத் தொடாது. எங்கள் அம்மா வியட்நாம்காரி. தம்பி பிறந்தபோது அவனைத் தன் பேரில், வியட்நாம் பிள்ளையாகப் பதிந்துவிட்டாள். அப்போது அது நல்லதாகத்தான் பட்டது. வயது வந்ததும் அவனுக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் தெருவிலிருந்து போன பிள்ளைகள் சிலர் சவப்பெட்டியில் திரும்பியிருந்தார்கள். அவன் பலகைக்குப் பின்னால் போனான். பலகை இடுக்குகளை மறைக்கத் தொட்டி வந்தது. தொட்டிக்கு நான் பொறுப்பு.

கொஞ்ச நாளில் இலைகள் கெட ஆரம்பித்தன. மஞ்சளாகி, நடுவில் ஓட்டை விழுந்து, நூல் நூலாக நைந்தன. யாரோ இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். உடனே துணி வந்த பெட்டிகளிலிருந்து துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி மணலில் புதைத்தேன். பெரிய வைத்தியச்சி என்று நினைப்பு. பலகை இடுக்கிலிருந்து தம்பியின் குரல் வந்தது: "ஆணி அடிச்சாச்சு, அடுத்து படம் மாட்டுவியா லாத்தா?"

ஒரு பகலில் எங்கள் பகுதிப் போலீஸ் அதிகாரி கடைக்கு வந்தார். அவர் வீட்டு வாசலில் வரிசையாக மீன்தொட்டிகள் இருக்கும், தெருவுக்கே தெரியும். சட்டைத்துணி பார்க்க வந்தவர் நேரே தொட்டிக்கு முன்னால் குனிந்தார். அவர் பேசியது வியட்நாமிய மொழியில்தான். என் நினைவில் என்னவோ அது தமிழாகவே ஓடுகிறது.

"இலைக்கு என்ன ஆச்சு?"

"மீன் கடிச்சிடுச்சுங்க," என்றேன்.

"மீன் ஓரத்துலேருந்துதான் கடிக்கும். இது நடுவுல ஓட்டை."

"ஆணி போட்டு வச்சேன். அந்தத் துருதான்."

சிரித்தார். "சத்துல கோளாறுன்னா செடி முழுக்க காட்டும். இங்க பாரு, முன்பக்கத்து இலைதான் சாகுது. பின்பக்கம் நல்ல பச்சை."

அப்போதுதான் நானும் பார்த்தேன். தினமும் கை விட்ட தொட்டிதான். செடிகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தன. தண்ணீரே மாற்றுவதில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, நான் எதைத் தொட்டாலும் பட்டுப்போகும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். தன்னை முட்டாள் என்று நிரூபிக்க அவ்வளவு பாடுபட்டவள் சைகோனில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

"தண்ணி இல்லம்மா," என்றார். "வெளிச்சம்."

பலகைக்குப் பின்னால் தம்பிக்கு அது கேட்டது. பகலிலும் அவனுக்கு விளக்கு வேண்டும், படித்துக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சம்தான் பலகை இடுக்கு வழியாகத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பயந்துபோய் விளக்கை அணைத்துவிட்டான். எங்கள் கண்ணெதிரிலேயே பின் இலைகளின் பச்சை கறுத்தது.

வாப்பா முழக்கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதிகாரி நிமிரவில்லை. தம்பி மூச்சு விடுவது வெளியே கேட்டுவிடுமோ என்று நான் சத்தமாக இருமினேன்.

பிறகு அவர் நிமிர்ந்து அலமாரியில் இருந்த கறுப்புத் துணியைக் காட்டினார். "அதுல கொஞ்சம் வெட்டி, தொட்டிக்குப் பின்னால கட்டுங்க. மீன் வளர்க்கிறவங்க கட்டுறதுதான். முன்னால ஒரு விளக்கு வைங்க. இலையைப் பார்க்கத் தெரிஞ்சவன் நான் மட்டும் இல்ல." சட்டைத்துணி வாங்காமலே போய்விட்டார்.

துணி கட்டினோம். நிம்மதி வரவில்லை. அது இரக்கமா, பொறியா, நீங்களே சொல்லுங்கள், எப்படித் தெரியும்? தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே அம்மா கை வேலையை விட்டுவிட்டு நிற்பாள். "வேற எடம் பார்ப்பமா புள்ள?" என்று வாப்பா என்னைக் கேட்பார். வேறு இடம் எங்கே இருந்தது? ஆனால் ஜீப்புகள் எங்களைத் தாண்டித்தான் போயின.

யுத்தம் முடிந்து ஆட்சி மாறியது. தம்பி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தான். பழைய ஆட்சியின் சீருடைக்காரர்கள் எல்லாரையும் வந்து ஆஜராகச் சொன்னார்கள் புது ஆட்சிக்காரர்கள். ஒருநாள் நானும் தம்பியும் நடந்து போகையில், அந்த அதிகாரியின் மனைவி வாசலில் வீட்டுச் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். தொட்டிகள் காய்ந்து கிடந்தன. தம்பி அவள் முன்னால் உட்கார்ந்து, பலகைக்குப் பின்னால் இருந்தது தான்தான் என்று சொன்னான்.

"தெரியும். என்கிட்ட மட்டும் சொன்னாரு," என்றாள். "உன்னை விட்டுட்டார்னு தெரிஞ்சா அவரைத் தூக்கிடுவாங்களே. ஜீப் சத்தம் கேட்டா எழுந்து உட்கார்ந்துக்குவாரு."

தம்பி கேட்டான். "எப்ப வருவாரு?"

"முகாமுல இருக்கணும், கொஞ்ச நாளைக்குச் சாப்பாடு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க, போயிருக்காரு. வந்துடுவாரு."

அதற்குப் பிறகு அங்கிருந்த தமிழர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். வாப்பாவின் கடை போயிற்று. இன்று அந்தத் தெருவில் நின்று தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. தம்பிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் விமானம் ஏறும்வரை அவன் தினமும் அந்த வீட்டு வாசல் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவர் வரவில்லை.