விஸ்வநத்தத்தில் கருப்பட்டி பூசிய பன்றிக்கறி

குலசாமி கோயிலுக்குப் போகிற வழியில், விஸ்வநத்தத்தில் என் சித்தி மகள் செல்லம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். கொல்லையில் அடுப்பு மூட்டி, பன்றிக்கறித் துண்டங்களுக்குக் கருப்பட்டிப் பாகைத் தடவித் தடவி வாட்டுகிறாள். பாகு சொட்டும்போதெல்லாம் தணல் சீறுகிறது.

விளக்கு வைக்கிற நேரம். சாமிக்குக் காட்டலாமென்று பையிலிருந்து சூடத்தை எடுக்கிறேன். வேலிக்கு அப்பால் ஓர் உருவம் அசையாமல் நிற்கிறது. தலைமுதல் கால்வரை வெள்ளி நிறம், கண் மட்டும் கறுப்பு. முருகா என்கிறேன்.

“பயப்படாதீகண்ணே, உங்க மாப்பிள்ளதான். பட்டாசுக் கம்பெனியில மருந்து சலிக்காகல்ல, அந்தப் பொடி. குளிச்சிட்டுத்தான் வருவாக. இன்னைக்கு அங்கன கிணத்துல தண்ணி இல்ல போல.”

“சூடம் மட்டும் காட்டிக்கிறேன் தாயி.”

“வேண்டாம்ணே. ஒரு பொறி போதும். சாமி கோவிச்சுக்கிடாது.”

குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்க்கிறாள். தணல் அணைந்த பிறகே அந்த உருவம் நகர்கிறது. தொட்டியடியில் நெடுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. நான் இருட்டிலேயே கும்பிடுகிறேன்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து உட்காருகிறார். செல்லம்மா அவர் காது மடலை விரலால் துடைத்து நிலா வெளிச்சத்தில் பார்க்கிறாள். விரல் மினுங்குகிறது. பாதி வெந்த கறியை மூடி வைத்துவிட்டு, எங்களுக்குப் பழைய சோற்றைப் பிழிந்து வைக்கிறாள்.