காயச்சீட்டின் அடியில் இருந்த பெயர்

காயம்பட்டவனைக் களத்திலிருந்து பின்னுக்கு அனுப்பும்போது அவன் சட்டைப் பொத்தானில் ஓர் அட்டையைக் கட்டிவிடுவது பிரெஞ்சுப் படையின் வழக்கம். அவன் பெயர், காயம் பட்ட இடம், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டிய நேரம், போட்ட ஊசி ஆகியவை அதில் இருக்கும். அடியில் மருத்துவம் பார்த்தவரின் பெயர் இருக்கும். நாங்கள் தமிழர்கள் எங்களுக்குள் அதைக் காயச்சீட்டு என்போம். இந்தோசீனாவில், மூன்று நாள் ஓயாமல் குண்டு விழுந்த ஒரு மண்குழிக்குள் இருந்துகொண்டு, அத்தகைய சீட்டுகளை நான் எழுதினேன். எத்தனை என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் எங்கள் பிரெஞ்சு மருத்துவரின் பெயரையே எழுதினேன். என் வாழ்வில் நான் செய்த ஒரே பிழை அது என்று சொல்லமாட்டேன். திருத்த முயன்று திருத்த இயலாமற்போன பிழை அது.

மருத்துவர் அந்த மூன்று நாளும் அதே குழியின் மூலையில் குளிர்க்காய்ச்சலில் கிடந்தார். நல்ல மனிதர். நினைவு தெளிந்தபோது தண்ணீர் கேட்டார். தெளியாதபோது தம் தாயாரை அழைத்தார். கட்டியதும் தைத்ததும் ஊசி போட்டதும் நான். கூரை மரம் ஒன்று சரிந்தபோது அதை முதுகில் தாங்கிக்கொண்டே ஒருவனுடைய தொடையைக் கட்டினேன். ஆனாலும் சீட்டின் அடிக்கு வந்ததும் என் கை தானாகவே அவருடைய பெயரைத்தான் எழுதியது.

அதற்குக் காரணம் உண்டு. படையில் சேருமுன் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையில் இருந்தேன். அங்கே எந்தத் தாளிலும் டாக்டர் பெயரைத் தவிர வேறு பெயர் ஏறாது. சேர்ந்த புதிதில், நான் கட்டுப் போட்ட நோயாளியின் தாளில் என் பெயரை எழுதிவிட்டேன். டாக்டர் கோபிக்கவில்லை. பேனாவை என் கையிலேயே கொடுத்து, வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அந்தப் பெயரை அடிக்கச் சொன்னார். அன்று அடித்த பெயரைப் பிறகு எந்தத் தாளிலும் நான் எழுதவில்லை. படையில் என்னை அன்பிர்மியே ஆக்கினார்கள். பட்டாளத்து மருத்துவ உதவியாளன் என்று பொருள். வேலைதான் மாறியது, வழக்கம் மாறவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி வந்த மறு ஆண்டு ஊர் திரும்பினேன். கடற்கரையில் போர் நினைவுச்சின்னத்தின் முன் பழைய சிப்பாய்கள் ஆண்டுதோறும் கூடுவது கொடி மாறிய பின்னும் நிற்கவில்லை. பதக்கம் அணிந்தவர்கள் முன்வரிசை. மற்றவர்கள் பின்னால். நான் முதன்முறை போனபோது, முன்வரிசையில் நின்ற, அஜுதான் என்னும் படைப்பதவியில் ஓய்வுபெற்ற ஒருவர் என்னைக் கண்டு குரல் கொடுத்தார்.

"வாய்யா பஞ்சு மூட்ட! நாங்க சுட்டோம், நீ சுத்துன. பின்னாடி போ, சமையக்காரன் தொணைக்கு ஆளில்லாம நிக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்வரிசையிலிருந்த பட்டாளத்துச் சமையற்காரர் கையாட்டி, "வாங்கண்ணே, இங்க நெழலாவது இருக்கு" என்றார்.

ஓய்வூதியத்தில் எனக்குக் குறையில்லை. நான் விரும்பியது ஒரு தாள். இன்ன இடத்தில், இன்ன மூன்று நாளில், குண்டுக்கு நடுவே இவன் இருந்தான், வேலை செய்தான் என்று அது சொல்ல வேண்டும். என் மனைவி, கூட்டத்துக்கு நான் அணியும் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே, "அத யாருகிட்ட காட்டப் போறீங்க? எனக்குத் தெரியும், அந்தோணியாருக்குத் தெரியும். போதாதா?" என்றாள். போதவில்லை. அவளிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடற்கரைக்கு அடுத்த தெருவில், பழைய சிப்பாய்களின் காரியங்களைப் பார்க்கும் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே மனு எழுதினேன். மேலதிகாரியின் சான்று வேண்டும். இல்லையேல் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும் என்றார்கள். பிரான்சுக்குத் திரும்பிவிட்ட மருத்துவருக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துக் கருப்புக் கரையிட்ட ஒரு தாள் வந்தது. அவருடைய மனைவி எழுதியிருந்தார். கணவர் காலமாகிவிட்டார், அந்த மூன்று நாளைப் பற்றி அடிக்கடி பேசுவார், அதற்காகப் பெற்ற பதக்கத்தை இப்போது மகன் வைத்திருக்கிறான், இந்தியாவிலிருந்து ஒருவர் நினைவில் வைத்து எழுதியது தமக்கு ஆறுதல். அந்தத் தாளை நான் பலமுறை படித்தேன். அதில் பொய் ஏதும் இல்லை. காய்ச்சலில் கிடந்தவருக்குத் தாம் என்ன செய்தோம் என்பது எப்படித் தெரியும்? சீட்டுகள் அவருக்குச் சொல்லியிருக்கும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சமையற்காரர் என் காதருகே குனிந்தார். "தவளக்குப்பத்துல ஒருத்தன் இருக்கான், கண்ணு போனவன். ஒங்க குழியிலேர்ந்து வந்தவன்தான். அந்தச் சீட்ட இன்னும் வச்சிருக்கானாம். சாமி படத்துக்குப் பக்கத்துல."

மறுநாள் காலை கடலூர் சாலையில் மிதிவண்டியை மிதித்தேன். வீட்டு வாசலில் அவன் மனைவி முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கண்ணும் இல்லை. ஒரு கால் சற்று மடங்காமல் நீண்டிருந்தது.

"தம்பி, நான் ஒங்க பட்டாளத்துல அன்பிர்மியேவா இருந்தவன்."

"அட, ஊசிக்காரரா! ஒக்காருங்கண்ணே. ஏய், மோர் கொண்டா."

முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் அந்தச் சீட்டு தொங்கியது. குங்குமம் தடவி ஓரம் சிவந்திருந்தது. மை தீர்ந்து பென்சிலால் எழுதியது. இறுக்குக் கட்டின் நேரத்துக்கு அடியில் இரண்டு கோடு. பெற்ற பிள்ளையை அடையாளம் காண்பதுபோல் என் எழுத்தைக் கண்டேன்.

"டாக்டர் தொரை எழுதுனது. அடியில அவரு பேரு இருக்குதுன்னு ஆஸ்பத்திரியில படிச்சிச் சொன்னாங்க," என்றான் அவன். "தெனம் கற்பூரம் காட்டிட்டுத்தான் காப்பித்தண்ணி குடிப்பேன். ஒண்ணு தெரியுமாண்ணே? அந்தத் தொரைக்கு நம்ம பாஷ தெரியும். என் கண்ணக் கட்டுனப்புறம் காதுகிட்ட ஒக்காந்து தமிழ்லயே பேசுனாரு."

"தம்பி, பேசினது நான். கட்டினதும் நான்தான். துரை காய்ச்சல்ல கெடந்தாரு."

முறத்தின் ஓசை நின்றது. அவன் கேட்டான்: "அப்டீன்னா, என்ன பேசுனீங்க? சொல்லுங்க பாப்போம்."

நான் தேடினேன். அந்தக் குழிக்குள் நான் எத்தனை காதுகளில் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். பெயர்களைக் கேட்டேன், ஊர்களைக் கேட்டேன், அதட்டினேன், கெஞ்சினேன். ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை.

"பயப்படாத, நீ பொழச்சிக்குவேன்னு சொன்னேன்."

"அது எல்லாரும் சொல்றதுண்ணே. சாகப்போறவன்கிட்டயும் அதத்தான் சொல்றாங்க."

அவன் குரலில் ஏளனம் இல்லை. இரக்கம் இருந்தது. அதைத் தாங்குவது அஜுதானின் சிரிப்பைத் தாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. என் மனுவுக்குச் சீட்டும் சாட்சியும் வேண்டியிருப்பதைச் சொன்னேன்.

"சரி வுடுங்க. ஒங்களுக்கு ஒதவும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. நானும் வந்து கைநாட்டு வைக்கிறேன். ஆனா தொரையத் திருப்பிக் கொண்டாந்துடணும்."

"கொண்டாந்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவனைப் பேருந்தில் அழைத்துவந்து, கையைப் பிடித்து அலுவலகப் படியேற்றினேன். எழுத்தர் நம் ஊர்க்காரர்தான், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம், பொறுமைசாலி. யாரையும் ஐயா என்னாமல் பிரெஞ்சில் முசியே என்றே அழைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"முசியே, கண்ணால பார்த்த சாட்சி வேணும்னு சட்டத்துல இருக்கு. கண்ணு இல்லாதவர கூட்டியாந்தா நான் என்னன்னு எழுதறது?"

"எழுத்து என்னுடையது. என் மனுவையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்."

அவர் வைத்துப் பார்த்தார். "ஒங்க எழுத்துதான். யாரு இல்லேன்னா? டாக்டர் சொல்லச் சொல்ல நீங்க எழுதியிருக்கீங்க. அதுக்குத்தானே அன்பிர்மியேன்னு ஒருத்தர வச்சிருக்காங்க?"

எழுத்தர் அவன் பக்கம் திரும்பி, "நீங்க என்னா சொல்றீங்க?" என்றார்.

"இவருதான் கட்டுனாருன்னு இவரு சொல்றாரு. கொரலப் பாத்தா பொய் சொல்றவராத் தெரியல" என்றான் அவன். எழுத்தர் அதை அப்படியே பிரெஞ்சில் தட்டெழுதினார். சீட்டைக் குண்டூசியால் மனுவோடு குத்தினார். குண்டூசி என் பென்சில் எழுத்தின்மேல் இறங்கியது. கோப்பு பாரீசுக்குப் போயிற்று.

அதன் பிறகு ஆண்டுகள் போயின. பதில் வந்ததா என்று மாதம் ஒருமுறை கேட்கப் போவேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கடலூர் சாலைப் பக்கம் போகவேண்டிய வேலைகளைப் பிறரிடம் ஒப்படைத்தேன். தவளக்குப்பத்துக்காரன் சமையற்காரர் மூலமாக இரண்டுமுறை கேட்டனுப்பினான்: "தொரை எப்ப வருவாருன்னு கேக்குறான்." சீட்டு விரைவில் வரும் என்று சொல்லியனுப்பினேன். ஒவ்வோர் ஆண்டும் கஞ்சிபோட்ட கோட்டை அணிந்து பின்வரிசையில் நின்றேன். மனைவி எதுவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

புதுச்சேரி முழுவதுமாக இந்தியாவோடு சேர்ந்த 1962இல், யார் எந்த நாட்டவர் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டிருந்த நாளில், எனக்குப் பதில் வந்தது. எழுத்தர் அதை நிதானமாக வாசித்துக் காட்டினார். இடைவிடாத குண்டுவீச்சின் நடுவே, மூன்று நாள், ஒரே ஒரு குழிக்குள், ஓய்வின்றிக் காயம்பட்டோரைக் காத்த செயல். சரிந்த கூரையைத் தம் உடலால் தாங்கிய துணிவு. எல்லாம் அதில் இருந்தது. நான் எழுதியனுப்பியதைவிட அழகாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: மேற்கண்ட செயலுக்காக அந்த மருத்துவர் ஏற்கெனவே உரிய முறையில் பாராட்டப்பட்டுவிட்டபடியால், அதே செயலுக்கு இன்னொருவரின் கோரிக்கையை ஏற்க இடமில்லை.

"கூரைய டாக்டர்தான் தாங்கினாருன்னு போட்டிருக்கு" என்று எழுத்தர் மெதுவாகச் சொன்னார்.

"சீட்டு?"

"கோப்புல சேர்ந்தது வெளிய வராது முசியே. திருப்பி வேணும்னு நீங்க முன்னயே எனக்குச் சொல்லியிருக்கணும்."

அன்றே தவளக்குப்பம் போனேன். பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவன் அதே சுவரில் சாய்ந்திருந்தான். முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"தம்பி, சீட்டு வராது."

அவன் எழுந்து சுவரைத் தடவினான். விரல் ஆணியில் நின்றது. "பாரீசுலயா இருக்கு?"

"ஆமாம்."

"அப்ப தொரை ஊருக்கே போய்ட்டாரு" என்றான். அவன் மனைவி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, மோரும் கொண்டுவரவில்லை. பிறகு அவனே சொன்னான்: "நீங்க எழுதுவீங்கல்ல? அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. வெறும் ஆணிக்கு எத்தினி நாளு கற்பூரம் காட்டுறது?"

பழைய நாட்காட்டியின் பின்னட்டையை வெட்டிக் கொடுத்தாள் அவன் மனைவி. மனுவின் நகல் என் பையில் இருந்தது. சீட்டில் உள்ளதை அதில் வரிக்குவரி எடுத்தெழுதியிருந்தேன். பெயர். கண், இரண்டும். வலது தொடை. நேரம், அடியில் இரண்டு கோடு. நான் எழுதும் ஓசையைக் கேட்டபடி அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"தொரை அன்னிக்கி என்ன சொன்னாரு தெரியுமா? மல்லாட்ட புடுங்குற நாளு வந்துடுச்சுடா, எழுந்து போய்ப் புடுங்கு, நீ இங்க படுத்துக்கெடந்தா நரி தின்னுட்டுப் போய்டும்னாரு. வலியில எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வெள்ளக்காரருக்கு மல்லாட்டைன்னு சொல்லத் தெரியுது பாருங்க!"

வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்ல, இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்திருக்க வேண்டும். அதைச் சொன்னது நானாகத்தான் இருக்க முடியும். ஆனால் எவ்வளவு தேடியும் என் வாய் அதைச் சொன்ன நினைவு எனக்கு வரவில்லை. அந்தக் குழியில் வேறு தமிழன் எவனாவது கிடந்திருக்கலாம். இல்லை, நானே சொல்லி மறந்திருக்கலாம். பாரீசில் இருப்பவர்களை நான் என்ன சொல்வது? நான் அங்கே இருந்தேன் என்பதற்கு நானே நல்ல சாட்சி இல்லை.

"எழுதிட்டீங்களா?"

"அடி மட்டும் பாக்கி."

"அங்க தொரை பேரு இருக்கணும்ணே."

அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. பென்சிலை அட்டையின் மேல் வைத்தேன். எந்தப் பெயரை எழுதினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு மருத்துவரின் பெயரை, முன்பு எழுதிய அதே முறையில், ஓர் எழுத்தும் குறையாமல் எழுதினேன்.

அவள் அட்டையை ஆணியில் மாட்டிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். அவன் தட்டுத்தடுமாறி என் பக்கம் வந்து நின்றான்.

"கும்புட்டுக்கங்கண்ணே" என்றான்.

நான் கை குவித்தேன்.