லென்ஸுக்கு ஒரு பெட்டி

கல்முனைக் கடைத்தெருவில் பெட்டி தேடி அலைகிறேன். பெரிய பிலிம் போடும் என் பழைய கமராவுக்கு மூன்று லென்ஸுகள் இருந்தன. காலையில் சோதனைச் சாவடியில் சிப்பாய் துணிப்பையைத் தரையில் கொட்டியதில் ஒன்று உடைந்துவிட்டது. மிச்சம் இரண்டையும் அப்படியே பொத்துவில் பஸ்ஸில் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

சாமான் கடைக்காரரை எல்லோரும் அண்ணன் என்ற முறையில் காக்கா என்கிறார்கள். நான் லென்ஸ் வைக்க என்று சொல்லி, பூட்டுள்ள தகரப் பெட்டியைக் காட்டுகிறேன். அவர் அதை எடுக்கவில்லை.

"சாவடியில பூட்டக் கண்டா வெடிச்சாமான் எண்டு நினைப்பானுகள், தம்பி. பூட்டில்லாதத எடுங்க."

"களவு போயிடாதா, காக்கா?"

"போனா கண்ணாடிதானே போகும்." குரலைத் தாழ்த்துகிறார். "என்ட மருமகன் ரேடியோ திருத்துற சாமானப் பூட்டின பெட்டியிலதான் கொண்டு போனவர். இன்னம் ஊட்டுக்கு வரல்ல."

மீனுக்கு ஐஸ் போடும், பூட்டில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டியை எடுக்கிறேன். அவர் உடுத்திப் பழசான சாரம் ஒன்றைக் கிழித்து, இரண்டு லென்ஸையும் தனித்தனியாகச் சுற்றி உள்ளே வைத்துத் தருகிறார்.

பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருக்கிறது. அடுத்த சாவடிக்கு இன்னும் தூரம் கிடக்கிறது. நான் இப்போதே மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.