அப்பாவின் குத்துவாளுக்கு என்ன வயது?

செத்துப்போன அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு குத்துவாள் கிடைத்தது. அதை இன்று பழைய இரும்புக்குப் போடக் கிளம்பினான் அண்ணன் டேவிட்.

அலகில் உருது எழுத்தில் 1188 என்று இருப்பதாக அவன் ஆபீஸ் நண்பர் படித்துச் சொன்னாராம்.

“எண்ணூறு வருஷத்துக் கத்தி இப்படியா பளபளன்னு இருக்கும்? டூப்ளிகேட்!” என்றான் அண்ணன்.

அப்பா போலியைப் பொத்தி வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. வாளை அவனிடமிருந்து வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு சேலையூரிலிருந்து பஸ் ஏறினேன். தாம்பரத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் காதர் பாய்க்கு உருது தெரியும்.

அவர் லென்ஸை மாட்டிப் பார்த்தார்.

“1188 கரெக்ட்தாம்மா. ஆனா இது எங்க ஹிஜ்ரி வருஷம். இங்கிலீஷ் வருஷம் இல்ல.”

அங்கேயே கணக்குப் போட்டோம். 1774 வந்தது. இருநூறு வயதுக்கும் மேல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இரும்மா, பிடியப் பாரு. இந்த ஸ்க்ரூ மிஷின்ல செஞ்சது. பிடி மட்டும் நம்ம காலத்துல மாத்தினது.”

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் வாளைக் கையில் வாங்கிக்கொண்டான்.

“சரி, மூத்தவன் எனக்கு அலகு. உனக்குப் பிடி.”

வீட்டிலிருந்த ஒரே ஸ்க்ரூ டிரைவரை ஒளித்து வைத்துவிட்டேன். நான் செய்தது சரிதானே?