ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசைகள்

எங்கள் சனத்தின் பிறப்பு, திருமணம், இறப்புகளைத் தேதியோடு எழுதிவைப்பது என் பல வருடப் பழக்கம். அந்த நோட்டுகளைக் கொண்டுதான், கொஞ்சம் வெப் ஃப்ரேம்வொர்க் கற்றுக்கொண்டு, வரன் பார்க்கும் இணையதளம் ஒன்றை அமைத்தேன்.

எங்களில் குலப்பிரிவுக்குக் கூட்டம் என்று பெயர். தகப்பனின் கூட்டமே பிள்ளைகளின் கூட்டம். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அதற்குள் பெண் எடுப்பதில்லை.

தளத்தில் வரன்களுக்கு ஓர் அட்டவணை, அவர்களுடைய தாய்வழிக்கு ஓர் அட்டவணை. ஆடி கடைசியில் இரண்டையும் ஒன்றாக இணைத்து, அதாவது ஜாயின் செய்தேன். எந்தெந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று குறிப்பிடாமல் எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டு அட்டவணைகளிலுமே 'கூட்டம்' என்று ஒரு நெடுவரிசை இருந்தது. விடையில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். பின்னால் வந்த தாயின் கூட்டம் முன்னதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டது. தளத்தில் எல்லா வரனுக்கும் தாயின் கூட்டமே சொந்தக் கூட்டமாகத் தெரிந்தது. பிழை என்று எதுவும் திரையில் வரவில்லை. நான் படம், வயது, ஊர் மட்டும் சரிபார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, எடப்பாடிக் குடும்பம் ஒன்று என் தளத்தில் பார்த்த வரனுக்காகப் புதுச்சத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போனது. பையனும் பெண்ணும் அதற்கு முன்பே ஒன்றரை மாதமாகப் போனில் பேசிவந்தார்கள். காபி குடிக்கும்போது குலதெய்வத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே கோயில், ஒரே கூட்டம்.

மாலை பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "ஏனுங்க, கூட்டத்தை மறைச்சுப் பொண்ணைக் குடுக்கப் பாத்தேன்னு பேசறாங்க. நானுங்களா மறைச்சேன்?"

பத்து நிமிடத்தில் தவறு தெரிந்தது. வேண்டிய நெடுவரிசைகளை ஒவ்வொன்றாக எழுதி, தாயின் கூட்டத்துக்கு வேறு பெயர் கொடுத்தேன். செவ்வாயன்று எடப்பாடி போய்த் தவறு என்னுடையது என்றேன்.

"தேதியெல்லாம் பிசகாம எழுதுவீங்கன்னு சொன்னாங்களே," என்றார் பையனின் அப்பா. பிறகு, "அவுங்க மறைக்கலைன்னு நானே நாலு பேருகிட்டச் சொல்லிப்போடறேன். ஆனா எங்க ஊட்டுல பையன் சோறு திங்காமக் கெடக்கறானுங்க. அதை எப்படிச் சரி பண்ணுவீங்க?"

நான் எழுந்து வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தம் வரை பையன் கூடவே வந்தான். அந்தப் பெண்ணின் பக்கத்தைக் காட்டச் சொன்னான். என் போனில் எடுத்துக் கொடுத்தேன்.

"இப்பச் சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குது சாமி."

"முன்ன இருந்ததை அப்படியே உட்டிருக்கலாமுங்க."

பஸ் வந்து நின்றது. போன் இன்னும் அவன் கையில் இருந்தது. நான் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் ஏறாமலே பஸ் புறப்பட்டுப் போனது.